மஞ்சளுக்கு ஊதா

மார்ச் 3, திங்கள். காரைக்கால்.

லாட்ஜ் சுமார். எனக்குத் தனி அறை. என் குறட்டைக்குப் பயந்து கொடுத்ததுதான், ஆனாலும் மற்றவர்களுக்குப் பொறாமை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். டிவியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஜவுளிக்கடை விளம்பரம்.

படப்பிடிப்பு தரங்கம்பாடியில், கடலோரம் ஒரு பழைய வீட்டில். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் அந்த வீட்டில் தனியாக இருந்து செத்துப்போகிறார், அதுதான் கதை. இயக்குநர் இளம்பரிதிக்கு இது முதல் படம். மதியம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்தப் படத்தில் யாருக்கும் மேக்கப்பே கிடையாது, எல்லாம் நேச்சுரல் என்றார். அப்புறம் எதற்கய்யா மேக்கப்மேனைச் சென்னையிலிருந்து வண்டி ஏற்றிக் கூட்டி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பாட்டை நான் தொழிலுக்கு வந்த நாள் முதல் கேட்கிறேன். மேக்கப் வேண்டாம் என்கிற இயக்குநர்தான் மானிட்டரைப் பார்த்துவிட்டு மூக்கு மினுக்குகிறது, கண்ணுக்குக் கீழே கறுப்பு என்று கத்துவார். ஆண் நடிகர்கள் அதற்கு மேல். "எனக்கு எதுவும் வேணாம் மாஸ்டர்" என்று நாற்காலியில் உட்காருவார்கள். எழுந்திருக்கும்போது, ஒரு ஷேடு மட்டும் ஏற்றிவிடுங்கள் என்று ரகசியமாகச் சொல்வார்கள். நடிகைகள் எவ்வளவோ தேவலை. வேண்டியதை வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள்.

கதாநாயகன் குழந்தைவேலு அண்ணன். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, முகத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் தெரியும். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "ஐ ஆம் சாரி" என்பாரே, அவர்தான். முப்பது வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அறுபது தாண்டிய பிறகு இப்போதுதான் ஒரு படம் முழுக்க வருகிறார்.

மார்ச் 4, செவ்வாய்.

அண்ணனுக்கு ஷேடு பார்த்தேன். ஆம்பிளைக்கு நிறம் பார்ப்பதில் பலர் செய்கிற தப்பு, புறங்கையில் தடவிப் பார்ப்பது. கை வேறு நிறம், முகம் வேறு நிறம். தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு கோடு இழுத்து வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கோடு எங்கே என்று தெரியாமல் கரைந்துவிட்டால் அதுதான் ஆளின் நிறம். ட்யூப்லைட்டில் தேர்ந்தெடுத்தால் திரையில் சாம்பல் பூசிய மாதிரி வரும். அண்ணனுக்கு மூன்று கோடு இழுத்தேன், நடுக்கோடு கரைந்தது. நல்ல கறுப்பு, அடியில் லேசாகச் சிவப்பு ஓடுகிற கறுப்பு. மெலிசாக அந்த நிறத்தில் பேஸ் என்கிற அடிப்பூச்சு, வியர்வைக்குக் கொஞ்சம் பவுடர், உதடு வெடிக்காமல் இருக்க மினுக்காத கிரீம். அவ்வளவுதான். மேக்கப் போட்டதே தெரியாத மேக்கப்புக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்.

டெஸ்ட் ஷாட்டை மானிட்டரில் பார்த்துவிட்டு இளம்பரிதி, மேக்கப் இல்லாமலே முகம் எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள் என்று என்னிடமே சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மார்ச் 6, வியாழன்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். நான் ஸ்பாஞ்சை எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வார், வாய் மட்டும் ஓடும். நாடகக் கம்பெனியில் ராணி வேஷம் போட்டவருக்கு மேடையில் மீசை முளைத்த கதை, ஜட்ஜாக உட்கார்ந்து தூங்கிவிட்ட கதை. நடுநடுவே என்னைக் கேட்பார். காலையில் என்ன சாப்பிட்டாய், ஏன் இட்லி பிடிக்காது, பையன் பேசினானா.

பையன் ஓசூரில் இருக்கிறான். அவனுக்கு வேலை அதிகம். என் வீட்டுக்காரி வசந்தாவும் அங்கேதான். பேத்தி பிறந்தபோது ஒத்தாசைக்குப் போனாள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நல்ல மனுஷன்.

என்னை இப்படி யாரும் விசாரித்ததே இல்லை என்று எழுதமாட்டேன். விசாரித்திருக்கிறார்கள். எப்போது என்பதுதான் ஞாபகமில்லை.

மேக்கப் முடிந்த கையோடு வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். "பாரு கனகம், மாப்ள மாதிரி இருக்கேன்" என்று முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டுவார். அந்த அம்மா சிரிப்பது எனக்கும் கேட்கும்.

மார்ச் 8, சனி.

பேஸ் கெட்டுவிட்டது. வெயிலில் வேனிலேயே கிடந்ததால் இருக்கும். செவ்வாய்க்கிழமை கரைந்த அதே நிறம் இன்று தாடையில் தனியாகத் தெரிந்தது. முகம் களிமண் நிறமாக இருந்தது. புது டப்பாவைப் பிரித்தேன், அதுவும் அப்படியே. விற்ற கடைக்காரனைப் போனில் பிடித்துத் திட்டினேன். ஒளிப்பதிவாளர் பிஜு கேமராவில் கலரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடல் வெளிச்சம் சரியில்லை என்றார். நானும் தலையாட்டினேன். ஆளுக்கொன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.

மார்ச் 9, ஞாயிறு. விடுமுறை.

பேஸ் கெடவில்லை.

காலையில் காபி எடுத்துக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை இந்த லாட்ஜில் வேறு எங்கே போவது. கதவைத் திறந்தார். அவர் அறையில் கிழக்கு ஜன்னல், நல்ல வெயில் உள்ளே விழுகிறது. அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி முழுக்க மஞ்சள்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். சென்னையிலேயே தெரியுமாம். கல் ஒன்று பித்தக் குழாயில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடலாம், உடனே வந்து சேருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். இவர் பதினேழாம் தேதிக்குப் படுக்கை சொல்லிவிட்டு இங்கே வண்டி ஏறிவிட்டார். ஷெட்யூல் பதினாறாம் தேதி முடிகிறதே, அந்தக் கணக்கு.

"ரத்தத்துல கலந்தா என்னண்ணே ஆகும்?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, "ஐ ஆம் சாரி" என்றார். சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

இளம்பரிதியிடம் சொல்லிவிடலாமே என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்கய்யா. போடணும், அதான் நியாயம். இன்னும் பாதி கூட எடுக்கல. முப்பது வருஷமா கதவத் தொறந்து வந்து கதவ மூடிட்டுப் போறேன் கோதண்டம். ஒரு தடவ உள்ள இருந்துட்டு வந்துடறனே."

யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவுக்குக்கூடத் தெரியாதாம். உள்ளங்கையும் மஞ்சளாகத்தான் இருந்தது.

மார்ச் 10, திங்கள்.

மஞ்சளுக்கு ஊதா. தொழிலில் முதல் பாடம் இது. எந்த நிறத்தை மறைக்க வேண்டுமோ அதற்கு எதிர் நிறத்தை அடியில் போட வேண்டும். கண் கறுப்புக்கு ஆரஞ்சு, பருவின் சிவப்புக்குப் பச்சை. ஊதாவை நான் வருஷக்கணக்கில் தொட்டதில்லை, பெட்டியின் அடியில் கிடந்தது. துளியூண்டு எடுத்துச் சூடு வரக் குழைத்து, முகம், கழுத்து, காது மடல், கை, விரல் இடுக்கு வரை ஒற்றினேன். மேலே ஒரு ஷேடு சிவப்புக் கூடின பேஸ். அதிகமானால் பிணம் மாதிரி நீலம் அடிக்கும், குறைந்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

பிஜு மானிட்டரைப் பார்த்துவிட்டு, இன்று வெளிச்சம் சரியாகிவிட்டது என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை வெளியே சொல்ல முடியாததுதான் கஷ்டம்.

மார்ச் 11, செவ்வாய்.

கண்ணுக்கு ஊதா பூச முடியாது. நேற்று முழுக்கத் தூர ஷாட் என்பதால் தப்பித்தோம். இன்று குளோசப்.

காலை டிபன் நேரத்தில் இளம்பரிதியிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். இந்த ரயில்வே கார்டுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் செய்தமாதிரி வைத்தால் என்ன? பட்டையான கறுப்புக் கண்ணாடி, அந்த இலவசக் கண் முகாமில் கொடுப்பார்களே, அது. தனியாக இருக்கிற மனுஷன், கண்ணாடியைக் கழற்றாமல் லேசாகத் தூக்கிப் பிடித்துத் தானே கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். பாதி மருந்து கன்னத்தில் வழிகிறது. விட்டுவிட ஆளில்லை.

இளம்பரிதி தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். அந்தச் சொட்டு மருந்து சீனை உடனே எழுதி மதியமே எடுத்தார்கள். யாருக்குத் தெரியும், எனக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று. போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆனபோது சொட்டு மருந்தை நானேதான் விட்டுக்கொண்டேன். அது பெரிய விஷயமில்லை, பழகிவிடும்.

மார்ச் 13, வியாழன்.

உடம்பு பூரா அரிப்பு அவருக்கு. இந்தக் காமாலையில் அப்படி அரிக்குமாம். ஷாட்டுக்கு நடுவே தன்னையறியாமல் கழுத்தைச் சொறிந்துவிடுகிறார், மேக்கப் வரிவரியாகப் பிய்த்துக்கொண்டு வருகிறது. இன்று நாற்காலியில் உட்கார வைத்து நகத்தை வெட்டிவிட்டேன். பத்து விரலையும் நீட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் கீழாநெல்லி தேடிப் போனேன். இங்கே வாய்க்கால் ஓரம் நிறையக் கிடைக்கிறது. லாட்ஜ் சமையற்காரரைத் தாஜா பண்ணி அம்மியில் அரைத்து மோரில் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். குழாயில் கல் அடைத்திருப்பதற்குக் கீழாநெல்லி என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு காரியம் செய்த மாதிரி இருந்தது. அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, என் பெண்டாட்டிகூட இப்படிப் பார்த்ததில்லை என்றார். தோசையில் பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தார். இப்போதெல்லாம் இரண்டு கவளத்துக்கு மேல் அவருக்கு இறங்குவதில்லை.

காலையில் ஒருத்தருக்காக எழுந்திருப்பது நன்றாக இருக்கிறது. இந்த ஷெட்யூல் இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி.

ஷெட்யூல் ஒரு வாரம் நீள்கிறது. தயாரிப்பாளரே சொல்லிவிட்டார், சாவுக் காட்சியும் இங்கேயே எடுத்துவிடலாமாம்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாங்குமா கோதண்டம்?" என்று கேட்டார்.

"தாங்கும்ணே" என்றேன்.

நான் மேக்கப்பைச் சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லி வைத்த படுக்கை இன்று வேறு யாருக்கோ போயிருக்கும்.

மதியம் ஷாட்டில் கை நடுங்கியது. கார்டு பச்சைக் கொடியை எடுத்து மடித்து வைக்கிற காட்சி. நடுக்கத்தைப் பார்த்து இளம்பரிதி சொக்கிப்போய், கட் சொல்ல மறந்து நின்றார். பக்கத்தில் போய் வியர்வை ஒற்றியபோது டிஷ்யூவுக்கு மேலேயே சூடு தெரிந்தது. குளிர் ஜுரம். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

போகலாம்ணே, நானே கூட வருகிறேன் என்றேன். இன்னும் ஆறு நாள்தானே என்றார். மாத்திரை போட்டால் ஜுரம் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

மார்ச் 18, செவ்வாய்.

அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்கள். அண்ணன் நம்பர் கொடுத்து வைத்திருக்கிறாராம்.

"தம்பி, வீடியோல பாக்கறப்ப மொகமெல்லாம் நல்லா தெளிவாத்தான் இருக்கு. குரல்தான் ஒரு மாதிரி கம்முது. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

வெயில்தான் அண்ணி, வேறொன்றும் இல்லை என்றேன்.

"நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியாத் தூங்கறேன்."

போனை வைத்துவிட்டு மேக்கப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊதா டப்பா பாதி காலி. அந்த அம்மா தினமும் பார்ப்பது புருஷன் முகத்தை இல்லை, என் ஊதாவை.

நான் ஒன்றை எழுதியாக வேண்டும். முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாளில் ஆஸ்பத்திரி வேலை முடிந்திருக்கும். சத்தியம் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியம் கித்தியம் எல்லாம் இல்லை. அவர் போய்விட்டால் காலையில் அந்த நாற்காலி காலியாக இருக்கும். அதுதான்.

வாய் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். மேக்கப் போடுவேன் என்று சத்தியம் செய்யவில்லை. நாளைக்கு ஒன்றும் போடாமல் அனுப்பப்போகிறேன். நான் சொல்ல வேண்டாம், பிஜுவின் கேமரா சொல்லட்டும்.

மார்ச் 19, புதன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அண்ணனை இரண்டு பேர் கைத்தாங்கலாகத்தான் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தூக்கக் கலக்கம் என்றார். நான் ஸ்பாஞ்சை எடுத்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். இன்று வாய் ஓடவில்லை. உலர்ந்த ஸ்பாஞ்சால் நெற்றி, கன்னம், கழுத்து என்று வரிசையாக ஒற்றினேன். ஸ்பாஞ்சை எதிலும் தோய்க்கவில்லை. ஊதா இல்லை, பேஸ் இல்லை, பவுடர் இல்லை. அவர் ஜுரத்தில் அப்படியே தூங்கிப்போனார். தினமும் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் ஒற்றிக்கொண்டே இருந்தேன். கை பழக்கத்தில் அதுபாட்டுக்குப் போனது. முடித்து, எழுப்பி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறீர்களா அண்ணே என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடியோ கால் போடும் தெம்பும் இல்லை.

செட்டுக்குள் நுழைந்தால் வாசலில் பந்தல். ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், மாலை வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து வரவேண்டிய கூட்டத்தை ஏஜென்ட் தேதி மாறி இன்றைக்கே கூட்டி வந்துவிட்டானாம். அனுப்பினால் திரும்ப வரமாட்டார்கள், அதனால் சாவுக் காட்சியை இன்றைக்கே எடுக்கிறோம் என்று இளம்பரிதி ஓடிவந்து சொன்னார். சொல்லிக்கொண்டே அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியே நின்றுவிட்டார்.

"டெட் மேக்கப் அதுக்குள்ள போட்டுட்டீங்களா? யார் சொன்னா உங்களுக்கு? கோதண்டம் சார், இது... எப்படி சார் இது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் நின்ற பிஜு கிட்டே வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டினார். அவருக்கு மேக்கப்மேன்களைக் கண்டால் ஆகாது, அவரே தட்டினார். அண்ணன் அரைக்கண்ணால் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். நான் முன்கூட்டியே விஷயம் தெரிந்து பிரமாதமாக ஏதோ செய்திருக்கிறேன் என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

பெஞ்சில் படுக்க வைத்து, மாலை போட்டு, தாடையைக் கட்டி, விளக்கேற்றி வைத்தார்கள். அழுவதற்கு வந்த பெண்கள் சொல்வதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கிழவி கிட்டே வரவே மாட்டேன் என்றாள். குளோசப் எடுத்தார்கள். இன்னும் நெருங்கி ஒரு குளோசப் எடுத்தார்கள். கட் சொன்னதும் மொத்த யூனிட்டும் கை தட்டியது. எனக்குத் தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கென்று யாரும் கை தட்டியதில்லை. அதை நான் காதில் வாங்கிக்கொண்டு நின்றேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது என்று எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். அதையும் ஃபிலிமில் பிடிப்பார்கள். அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். மானிட்டரிலிருந்து இளம்பரிதி, "கண்ணுக்குக்கூட லென்ஸ் வெச்சிருக்காரு பாருங்கப்பா" என்று கத்தினார்.

பிறகு என்னிடம் வந்து, டெட் மேக்கப்பைக் கலைத்துவிட்டு ரெகுலர் போட்டு அழைத்து வாருங்கள், மதியம் உயிரோடு இருக்கிற சீன் என்றார்.

எல்லாரும் பார்க்கப் பெஞ்சு ஓரம் போய் உட்கார்ந்தேன். வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்து அண்ணன் நெற்றியைத் துடைத்தேன். கன்னத்தைத் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். துணியில் வியர்வைதான் வந்தது. இளம்பரிதி துணியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

"இன்னிக்கு நான் ஒண்ணுமே போடல சார்" என்றேன். "அவருக்கு ரெண்டு வாரமா காமாலை. இத்தன நாளும் போட்டதுதான் மேக்கப்."

அதற்குப் பிறகு ஒரே ஓட்டம். யாரோ வண்டியை எடுக்கச் சொன்னார்கள், பிஜுதான் அண்ணனைத் தூக்கினார். நான் மாலையைக் கழற்றினேன். அப்போது அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். கொதிக்கிற கை. சத்தம் போடவில்லை, திட்டவில்லை.

"ஒன்ன நம்பித்தானேய்யா கண்ண மூடினேன்" என்றார்.

மார்ச் 20, வியாழன்.

தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரத்தத்தில் கலந்துவிட்டதாம். உள்ளே யாரையும் விடவில்லை.

மார்ச் 21, வெள்ளி.

ஒன்றும் தெரியவில்லை. அறையிலேயே இருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு.

குழாய் விட்டுக் கல்லை எடுத்துவிட்டார்கள். ஜுரம் இறங்குகிறதாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதாக யூனிட் மேனேஜர் சொன்னார். ஒரு நாள் என்றால் நான் இன்னும் ஒரு தடவை ஊதா பூசியிருந்தால் என்று அர்த்தம். அவர்களுக்குத் தெரியாது.

பஸ் பிடித்துப் போனேன். வராந்தாவில் அந்த அம்மா இருந்தார்கள். முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்கள், அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி கையை இறக்கிக்கொண்டார்கள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். அவர் தூங்குகிறார் தம்பி என்றார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன், தூங்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன். சென்னை.

விளம்பரப் படம். ஆண்களுக்கான சோப்பு. கதாநாயகன் இருபத்திரண்டு வயதுப் பையன், கண்ணைத் திறந்துகொண்டே போன் பார்க்கிறான், காதில் எதையோ மாட்டிக்கொண்டிருக்கிறான். எழுந்திருக்கும்போது ஒரு ஷேடு ஏற்றிவிடச் சொன்னான். ஏற்றிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி.

ஓசூருக்குப் போன் செய்தேன். வசந்தாதான் எடுத்தாள். பேத்திக்குப் பரீட்சை என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஏன் திடீரென்று கேட்கிறீர்கள், உடம்புக்கு என்ன என்றாள்.

ஏப்ரல் 12, சனி.

அண்ணி போன் செய்தார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் சாதம் சாப்பிடுகிறார், கண் வெளுத்துவிட்டது, வாசல் வரை நடக்கிறார். மீதிக் காட்சிகளை இளம்பரிதி ஜூன் வரை தள்ளிவைத்திருக்கிறாராம், அவரேதான் நடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாராம். அப்படிக்கூட ஒரு இயக்குநர் இருப்பார் என்று அண்ணனும் நானும் நினைக்கவில்லை. அந்த அம்மா அழுதார்கள், நானும் அழுதேன்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்கள். அந்தச் சாவு ஷாட்டைப் படத்தில் வைக்கலாமா என்று இளம்பரிதி வந்து கேட்டிருக்கிறார். தாராளமாக வையுங்கள் என்றாராம் அண்ணன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாராம்.

"மேக்கப்புன்னு ஒங்க பேரு டைட்டில்ல வரக் கூடாதாம் தம்பி. ஜூன்லயும் வேற ஆளப் போடச் சொல்லிட்டார். ஏங்கன்னு கேட்டேன். 'அன்னிக்கு அவன் ஒண்ணும் போடலயே'ங்கறார்."

"சொல்றப்ப சிரிச்சாரா அண்ணி?"

அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவர்கள்.

"இல்ல தம்பி" என்றார்கள்.

சாயங்காலம் நானே இளம்பரிதிக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அவர் பதறிப்போய், அந்த ஷாட்டுக்கு உங்களுக்கு விருதே கிடைக்கும் சார் என்றார். போடாத மேக்கப்புக்கு விருது கொடுத்தால் நாட்டில் பாதிப் பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றேன். அவருக்குப் புரிந்து சிரிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது, அதுவும் மரியாதைக்குத்தான் சிரித்தார்.

இதைக் கேட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடி வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள் ஒருவர்தான் எனக்குத் தெரியும். அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.